இதர விவகாரங்கள்

இருபத்தைந்து பேர் வேண்டும் என்கிறது விதி பதினொன்று.
ஏழு மணிக்கு எண்ணினேன்: பதினேழு.
மைலோ கொண்டுவந்த சமூக மன்ற ஊழியரோடு பதினெட்டு.
அவரைச் சேர்க்க முடியாது.

அரை மணி ஒத்திவைத்து
வந்தவர்களே போதும் என்று தொடங்கலாம்;
அதுவும் விதிதான், பதினொன்று ‘ஆ’.
ஒவ்வோர் ஆண்டும் எங்களைக் காப்பாற்றுவது அந்த ‘ஆ’.

அந்த அரை மணியில், தோ பாயோவில், மூன்றாம் மாடியில்
பக்கத்து அறை நடன வகுப்பின் தாளத்துக்கு
எங்கள் மேசை லேசாக அதிர்ந்தது.
ரோஸ்னா தன் ஆல்பத்தைச் சுவரோரம் நகர்த்தினாள்.
பொருளாளர் கோ, கரிபாப் தின்ற விரல்களை
மூன்று முறை துடைத்தும் நம்பிக்கை வராமல்
கைகழுவப் போனார்.

பத்து வருடமாக நான் கௌரவச் செயலாளர்.
கௌரவம் என்றால் சம்பளம் இல்லை.
என் சொந்த ஆல்பத்தைத் திறந்து இரண்டு வருடம்.
இப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம்
சங்கப் பதிவகத்தின் படிவம்,
கண்காட்சிச் சட்டகங்கள் ஏற்றிய லாரிக்கு எந்த வாசல்,
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் மின்கட்டணம் யார் தலையில்.
தபால்தலை சேர்ப்பவர்கள் சாதுக்கள் என்பவர்கள்
ஓரத்தில் ஒரு பல் குறைந்ததற்காக
இரண்டு பேர் பதினாறு வருடம்
பேசாமலிருப்பதைப் பார்த்ததில்லை.

கூட்ட அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பலாமே என்றேன் ஒருமுறை.
என்னை நீக்கத் தீர்மானமே வந்தது.
நாமே ஒட்டாவிட்டால் வேறு யார் ஒட்டுவார்?
ஆகவே நூற்று நாற்பது உறை, நூற்று நாற்பது தலை.
எச்சில் கூடாது; பஞ்சு, தண்ணீர்.
முத்திரை விழ இடம் விட்டு, நேராக.
கோணினால் தொலைபேசி வரும்.

இந்த ஆண்டு ஒன்று திரும்பி வந்தது.
உறுப்பினர் எண் 88, யியோ தெக் மெங்.
கலங்கரை விளக்கங்கள் மட்டும் சேர்ப்பவர்.
அவருடைய புளோக்கை வீவக இடித்துவிட்டதாம்;
அந்த ஆறு இலக்கத்துக்குள் இப்போது
தகர வேலியும் ஒரு பாரந்தூக்கியும்.
கைப்பேசி எண்ணில் ஒரு பெண்,
மாண்டரினில், தப்பான எண் என்றாள்.
சந்தா இரண்டு வருடம் பாக்கி.

ஏழரைக்குத் தொடங்கினோம்.
சென்ற கூட்டக் குறிப்பை ஏற்கக் கோ முன்மொழிந்தார்.
பிறகு யாரும் பேசவில்லை.
பக்கத்து அறையில் பாட்டு மாறியது.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
பத்து வருடக் குறிப்புகளிலும் என் கையெழுத்தில்
‘வழிமொழிந்தவர்: யியோ.’
கடைசி வரிசையில், தலை நிமிராமல்,
ஒற்றை விரல்.
வேறெதுவும் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

தலைவர் டிகுரூஸ் இருமினார்.
ரோஸ்னா கையைத் தூக்கினாள்.

எட்டே முக்காலுக்கு, இதர விவகாரங்கள்.
உறையைக் காட்டினேன்.
இவர் எங்கே என்று யாருக்காவது தெரியுமா?
கைமாறிக் கைமாறிப் போனது.
ஒருவர் இடுக்கி எடுத்தார், ஒருவர் உருப்பெருக்கி.
“திருப்பி அனுப்பும் முத்திரையில் ஓர் எழுத்து இல்லை,”
என்றார் கோ, மூச்சு வாங்க.
“தேதியும் தலைகீழ்.”
இருபது வெள்ளி என்றது ஒரு குரல்.
முப்பத்தைந்து.
எனக்குக் கோபம் வந்தது.
எண்பதில் நின்றபோது கோபமும் நின்றது:
எண்பது, சரியாக இரண்டு வருடச் சந்தா.

ரசீதை யியோ பெயரில் எழுதினேன். பாக்கி இல்லை.
உறையை வாங்கிய ரோஸ்னா மின்தூக்கியில் கேட்டாள்,
உள்ளே என்ன இருக்கிறது?
உன்னிடம் இருக்கும் அதே தாள்தான் என்றேன்.
பிரிக்காதே.

பாக்கி இல்லாதவருக்கு அறிவிப்பு போயாக வேண்டும், விதி ஒன்பது.
அடுத்த ஆண்டும் அதே முகவரிதான், வேறு இல்லை.
வீட்டுக்கு வந்து ஆல்பத்தைத் திறந்தேன்.
ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது,
பசை கலையாதது, ஐம்பது காசு.
ஒட்டினால் மதிப்பு போச்சு.
கோ தொலைபேசியில் கத்துவார்.
கத்தட்டும்.