நாலு இலக்கம்

வவுனியா ஆஸ்பத்திரியில்
சேர்மனுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது.
வாய் கோணி, சொல் வராமல்
இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள்.
வேட்புமனுவுக்கு இன்னும் எட்டு நாள்.

கமக்காரர் எழுச்சி என்று பதிந்த பெயர்.
ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை,
சேர்மன்ர ஆக்கள் என்பதோடு சரி.

மல்லாவிக் கந்தோரில், மேசை நடுவே
அவருடைய போன்,
சார்ஜர் வயரோடு
சேலைன் ஏறுகிற ஆளைப் போலக் கிடக்கிறது.
வருகிற அழைப்பை எடுக்கலாம்.
திறந்து ஒருவரை அழைக்க ஏலாது.
எஞ்சினியரின் நம்பர்,
கச்சேரியில் எங்கள் பக்கத்து ஆள்,
கடனுக்கு டீசல் தருகிறவன்,
போன தேர்தலில் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம்,
எல்லாம் அதற்குள்.

மருமகன் பிறேமகாந்தன்
போனைக் கட்டிலடிக்குக் கொண்டுபோய்
பெருவிரலை அழுத்திப் பார்த்தானாம்.
மண்வெட்டி பிடிச்ச விரல் இது என்று
மேடை மேடையாய் உயர்த்திக் காட்டிய விரல்.
ரேகை தேய்ந்த அதைப்
போன் ஒருநாளும் நம்பியதில்லை.
அதை அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான் பொருளாளர். யாப்பை எடுத்து வாசித்தேன்.
ஒன்றரைப் பக்கம்.
பிரிவு நாலு: தலைவரின் முடிவே முடிவு.
பிரிவு ஐந்து இல்லை.

பிறந்த வருசத்தைப் போட்டோம். பிழை.
வென்ற வருசம். பிழை.
"முதல் மனுசி செத்த வருசத்தைப் போடுங்கோ"
என்றாள் அற்புதமலர்.
எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.
அதுவும் பிழை.
ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னது போன்.

பொறுத்தோம்.
சுவரில் அவர் படத்துக்குப் பக்கத்தில்
இன்னொரு ஆணி கூட அடித்திருக்கவில்லை என்பதை
அப்போதுதான் கண்டேன்.

பிறகு மணி அடித்தது.
தடித்த குரல் என்று நேசரூபனிடம் தள்ளினோம்.
சேர்மனைப் போலவே தொண்டையைச் செருமி
"ம்... சொல்லடாப்பா" என்றான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

பாலையடிக்குளத்துப் பெடியன் ஒருத்தன்.
"ஐயா, பயிர் வாடுது எண்டு
ராத்திரி துருசை நாங்களே உயர்த்திப்போட்டம்.
கடைசி வயலுக்கும் தண்ணி ஏறிட்டுது.
உங்களைக் கேக்காமல்..."

இழுத்தான். அவனுக்குப் பின்னால்
தவளைகள், யாரோ வரம்பு வெட்டுகிற சத்தம்,
யாரையோ பேசுகிற ஒரு பொம்பிளைக் குரல்.

"கோவமோ ஐயா?"

நேசரூபன் போனைப் பொத்திக்கொண்டு
எங்களைப் பார்த்தான்.