பதினொரு கோப்பைகள்

ஆறு வயதில் நீதி எளிது.
தம்பி ஸுராப் தடுக்கி விழுந்து உடைத்தவை
பதினொரு கோப்பைகள்.
ஜாம் திருடும்போது நான் உடைத்தது
ஒன்றே ஒன்று.
பதினொன்று ஒன்றைவிடப் பெரிது.
அடி அவனுக்கு. நான் விரலை நக்கினேன்.

பள்ளியில் சட்டம் வந்தது,
கோடு போட்ட தாளாக.
கோட்டைத் தாண்டியவளை
நானே எழுந்து காட்டிக்கொடுத்தேன்.

குத்தாயிசியில் இன்று பனி.
மருந்துக்கடை மூடும் நேரம்.
சீட்டில்லாமல் ஒருவர்,
ஈரத் தொப்பியைப் பிழிந்தபடி.
வண்டிக்குள் மகனுக்கு மூச்சிரைப்பு.

இன்ஹேலரைக் கொடுத்துவிட்டேன்.
பதிவேட்டில் என் பெயரையே எழுதினேன்.

"எத்தனை சட்டம் உடைத்தாய், அம்மா?"
என்கிறாள் லீலே.
"ஒன்று."
"ஒன்றுதானே!" தூங்கிப்போனாள்.

நள்ளிரவில் ஸுராபை அழைத்தேன்,
மன்னிப்புக் கேட்க.
"எந்தக் கோப்பை?" என்றான்.