பச்சை ரசீது

பதினாறு வருடம் போர்ட்டோ நகரின் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில்
சேதமானவற்றுக்கு விலை வைத்தேன்.
கப்பலில் நனைந்த தக்கை மூட்டைகள்,
மாடிப்படியில் உருண்ட பியானோ,
ஒரு முறை, இடி விழுந்த கழுதை.

ராஜினாமா இரண்டே வரி.
மேலாளர் தெயோதோரு மூன்று முறை படித்தார்.
வேறு கம்பெனியா?
இல்லை.
உடம்புக்கு ஏதாவது?
இல்லை.
அதற்கு மேல் அவரிடம் கேள்வி இல்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஸுல்மிரா மட்டும் படிக்கட்டில் மறித்தாள்:
நிரந்தர வேலையை விட்டுவிட்டுப்
பச்சை ரசீதுக்குப் போகிறவள்
இந்த ஊரில் நீ ஒருத்திதான்.
பச்சை ரசீது என்பது
செய்த கூலிக்கு நாமே எழுதிக்கொள்ளும் சீட்டு.
இப்போது அது பச்சையும் இல்லை, சீட்டும் இல்லை,
கணினியில் ஒரு பக்கம்.
பெயர் மட்டும் வெளுக்கவில்லை.

ஏன் என்றாள்.
சொல்ல முடிந்தது இவ்வளவுதான்:
ஒரு செவ்வாய்க்கிழமை, பேருந்தில் நின்றபடி,
நான் ஓய்வுபெறும் தேதியைக் கணக்குப் போட்டேன்.
அதுவும் செவ்வாய்க்கிழமை.

ஏஜென்சி சொல்லும் இடத்தில் போய் உட்காருகிறேன்.
பிரசவத்துக்குப் போனவளின் நாற்காலி.
முதுகு அறுவைக்குப் போனவரின் நாற்காலி;
உட்கார்ந்ததுமே காரணம் புரிந்தது.
துறைமுகத்து மீன் கிடங்கில் ஒன்பது நாள்
இறந்துபோன ஒருவரின் கடவுச்சொல்லில் வேலை.
ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் 1974.
தினமும் எட்டு மணிக்கு
அவளைத் தட்டித்தான் உள்ளே போனேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் அழைப்பே இல்லை.
ஊரே கடற்கரைக்குப் போயிருந்தது,
வாடகை மட்டும் எங்கும் போகவில்லை.
கடைவாய்ப் பல் வலித்தது.
செப்டம்பர் வரை பொறு என்றேன் பல்லிடம்.
உருளைக்கிழங்கை எண்ணி சூப்பில் போட்டேன்.
சுதந்திரம் என்று இதை நான் சொல்ல மாட்டேன்.
ஆனால் செவ்வாய் எது, வியாழன் எது என்று
ஜன்னலில் கேட்க வேண்டியிருந்தது,
அது பிடித்திருந்தது.

நவம்பரில் ஏஜென்சி கூப்பிட்டது.
இரண்டு வாரம், காப்பீட்டு அலுவலகம், மூன்றாம் மாடி.
முகவரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்,
தெரியாதவள் போல.

வாசலில் பார்வையாளர் அட்டை தந்தார்கள்.
ஒரு பையன் கழிப்பறை எங்கே என்று காட்டினான்.
நன்றி என்றேன்.
மேசையில் லியோனோர் என்பவளின் கள்ளிச்செடி;
கால் முறிந்து விடுப்பில் இருக்கிறாளாம்.
இழுப்பறை சிக்கியது.
சற்றே தூக்கி இழுத்தேன், வந்தது.
ஸுல்மிரா பார்த்துக்கொண்டிருந்தாள்.
சிரிப்பை விழுங்கிவிட்டு, புதுசா? என்றாள்.
இரண்டு வாரத்துக்கு, என்றேன்.

முதல் கோப்பு: டோரு ஆற்று வெள்ளத்தில் போன படகு.
உரிமையாளர் கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறார்,
பழையதுதான், ஆனால் மிதந்தது.

தேய்மானம் கழிக்க வேண்டும், அது விதி.
பதினாறு வருடம் கழித்தவள் நான்.
விலைக் கட்டம் காலியாக இருக்கிறது.
பென்சிலைச் சீவி
பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
வரும் வெள்ளியோடு முடிகிறது.