எந்தப் பொம்மை

பாதாம் மரங்களை இயந்திரம் கட்டிப்பிடித்து உலுக்கும் மாதம்.
மாதேரா ஊரில் எல்லாக் கார்களும் ஒரே நிறம்.
யாரோ என் கண்ணாடிப் புழுதியில்
விரலால் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்கள்.
துடைக்காமல் ஓட்டினேன்.

முப்பத்தெட்டு வயது எனக்கு.
பதினோரு வருடமாகக் கொட்டை ஓடும் பட்டையின் முன் நிற்கிறேன்,
சொத்தைக்கு ஒரு கை, நல்லதற்கு ஒரு கை.
இன்று சம்பளமில்லா விடுப்பு.
இரண்டு கல்லூரி பார்க்க வேண்டும்.

முதலாவது நெடுஞ்சாலை ஓரம்,
மெத்தைக் கடைக்கும் வரிக்கணக்கு ஆபீசுக்கும் நடுவில்.
உள்ளே ஏசி. எலுமிச்சை வாசனை.
பிரெண்டன் என்று ஒரு பையன்
என் பெயரைப் பிசகாமல் சொன்னான்: ஒதீலியா.
அதிலேயே பாதி விழுந்துவிட்டேன்.

நர்சிங்கோ சுவாச சிகிச்சையோ, எதுவானாலும் சரியாம்.
பதினெட்டே மாதம்.
இன்றே கையெழுத்துப் போட்டால் விண்ணப்பக் கட்டணம் கிடையாது.
கடனை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.
பார்த்துக்கொள்வது என்றால் வாங்கித் தருவது.
கட்டுவது நான்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பொம்மை மல்லாந்து கிடந்தது.
வாயில் குழாய் வைத்துப் பையை அழுத்திக் காட்டினான்.
மார்பு எழவில்லை.
மறுபடி அழுத்தினான்.
காற்று கழுத்தோரம் புஸ்ஸென்று போனது.
"சின்ன ரிப்பேர்."
"எத்தனை நாளாக?"
சிரித்தான். நல்ல பல்வரிசை.

தாளில் எழுதிக்கொண்டு போனதைக் கேட்டேன்.
போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்,
எத்தனை பேர் முடித்தார்கள்,
லைசென்ஸ் பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள்,
பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்.
மேலாளரைக் கூட்டி வருகிறேன் என்று போனான்.
கால் மணி நேரம் நானும் பொம்மையும்.

என் நெஸ்டருக்கு நாலு வயதில் ஓர் இரவு.
உதடு நீலம். விலா எலும்புகள் உள்ளே உள்ளே போயின.
நர்ஸ் ஊசி போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள்,
அவளுக்கு அன்று ஒன்பது பேர்.
டாக்டர் வாசலில் நின்று தலையசைத்தார்.
ஊதா நிறச் செருப்புப் போட்ட இன்னொருத்தி
தரையில் முட்டி போட்டு
புகை வரும் முகமூடியை அவன் மூக்கில் பிடித்து
அவன் மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்து
கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள்,
அவனும் பின்னாலேயே இறங்கி வந்தான்.
எங்கே படித்தாய் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது, மாவட்ட அரசுக் கல்லூரி.
பார்க்கிங் இயந்திரம் என் நாணயத்தை விழுங்கியது.
திருமதி ட்வோராக் சாண்ட்விச்சிலிருந்து நிமிரவில்லை.
"இருபத்து நாலு இடம். விண்ணப்பம் நூற்றுத் தொண்ணூறு. குலுக்கல்தான்."
ஒதீலியாவை ஒட்டாலியா என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னே சுவரில்
ஆறு வருடத் தேர்ச்சி விகிதம்.
ஒரு வருடம் படுமோசம்.
அதையும் ஒட்டியிருந்தார்கள்.
கீழே மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயர்,
ஒன்று நெஸ்டரைக் கொண்டுபோன இடம்.

திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன்:
தட்டில் பன்றியின் நுரையீரல்,
காய்ந்த கந்தல் போல.
மாணவன் ஒருவன் முகம் சுளித்துக்கொண்டே பம்பை அழுத்தினான்.
ஓரத்தில் ஆரம்பித்து, மடிப்பு மடிப்பாக,
அது இளஞ்சிவப்பாக நிறைந்தது.
எனக்கு வயிற்றைக் குமட்டியது.
நகரவும் முடியவில்லை.

என் எண் நூற்று அறுபத்து மூன்று.
"இந்த வருடம் விழாவிட்டால்?" என்றார் ஃபெர்மின்,
தட்டைக் கழுவிக்கொண்டே.
அடுத்த வருடமும் போடலாம்.
அதுவரை ராத்திரி வகுப்பில் உடற்கூறியல், வேதியியல்.
பட்டையின் முன் நின்றுகொண்டே எலும்புகளின் பெயர்.
அவர் குழாயை மூடினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது முறை போன் அடித்தது.
பிரெண்டன். எனக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறானாம்,
வெள்ளிக்கிழமை வரைதானாம்.
"அந்தப் பொம்மையைச் சரிபண்ணிவிட்டீர்களா?" என்றேன்.

"எந்தப் பொம்மை?"