இருபத்தைந்து நாள் மீன்

கொடியேற்றத்துக்கு முதல்நாள் பின்னேரம்
மச்சச் சட்டி இரண்டும் சாம்பல் போட்டு மினுக்கிக்
கோடிப்பக்கம் கவிழ்த்தாயிற்று.
இனி இருபத்தைந்து நாள்
கோண்டாவிலில் இந்த வீட்டுக்குள்
ஒரு நெத்தலித் தலைகூட நுழையாது.

இதைக் கிளாக்கருக்கு யார் சொல்வது?
கிளாக்கர் எங்கள் பூனை.
என்ன கடதாசியை விரித்தாலும்
மேலே ஏறிக் குந்திவிடுவதால் வந்த பெயர்.
பருப்பும் சோறும் வைத்தால்
கையெழுத்தில்லாத விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோலப்
பார்த்துவிட்டுப் போகிறது.

மூன்றாம் நாள் அலுமாரியைத் திறந்தேன்.
அடித்தட்டில் அந்த ஸ்வெட்டர்.
கடல் நீலம்.
விசா வருமென்று கொழும்பில் வாங்கியது.
மறுத்த கடிதம் மூன்றும் அதற்குக் கீழே, மடித்தபடி.
இந்த வெயிலில் கம்பளியைத் தொட்டாலே
உள்ளங்கை வேர்க்கிறது.

வலக்கைத் தோளில் தையலை வெட்டி
நூல்முனையை இழுத்தேன்.
வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
இத்தனை லேசாய் வருமென்று நான் நினைக்கவில்லை.

அமிர்தசீலன் கடையில்
சைக்கிள் கம்பி இரண்டு கேட்டேன்.
"எந்தச் சில்லுக்கு அண்ணை?"
"சில்லுக்கில்லை. மீனுக்கு."
ஒன்றும் கேளாமல் நுனியைக் கல்லில் தேய்த்துத் தந்தான்.
நல்ல மனிசன்.
பிறகு சந்தியெல்லாம் சொல்லியும் விட்டான்.

போனுக்குள் யாரோ ஒருத்தி,
பாஷை விளங்கவில்லை, கை விளங்கியது.
இருபத்திநாலு கண்ணி போட்டேன்.
பதினேழில் தவறியது.
திரும்பவும் இருபத்திநாலு.
கந்தோரில் இருபது வருசம் முத்திரை குத்திய விரல்
ஒரு நூலுக்கு வழிவிடத் தெரியாமல் நிற்கிறது.
சுகிர்தா நாடகத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிறு வந்தது. வாய் வரவில்லை.
வால் நீண்டு நீண்டு
திருக்கைக்குக் கிட்டவாய்ப் போயிற்று.
பழைய தலகணியின் இலவம்பஞ்சை அடைத்தேன்.
கண்ணுக்குப் பொத்தான் எடுத்தால்
"விழுங்கிப்போடும்" என்று பறித்தாள்.
கறுப்பு நூலால் அவளே தைத்தாள்,
ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னன்.
நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டாள்:
"இது மச்சக் கணக்கிலை வராதோ?"
கம்பளி செம்மறியின் மயிர் என்று
சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன்.

கிளாக்கர் மணந்தது.
காதை மடக்கிற்று.
மீனைக் காலால் தள்ளிவிட்டு
மேசையில் கிடந்த மறுத்த கடிதத்தில் ஏறிக்
குந்திக்கொண்டது.

"மற்றக் கையும் கிடக்குதெல்லே" என்றாள் சுகிர்தா.
"எலியொண்டு பின்னிப் பாருங்கோ."

நடுச்சாமத்தில் ஒரு குழறல்.
எழும்பி வந்து பார்த்தால்
வாயில் மீனோடு
அறை அறையாய்க் காட்டித் திரிகிறது.

விடிய மீனைக் காணோம்.
கட்டிலடியில் இல்லை. அரிசிச் சாக்குக்குப் பின்னால் இல்லை.
தண்ணிக் கோப்பைக்குள் தலைகீழாய்க் கிடந்தது,
அரைவாசித் தண்ணியைக் குடித்துவிட்டு.
மீனுக்குத் தண்ணி வேணும் என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிழிந்தேன். கையில் கொஞ்சம் நீலம் ஒட்டியது.
வாலில் கிளிப் பூட்டி
கோயிலுக்கென்று தோய்த்த வேட்டிக்கும்
சுகிர்தாவின் சேலைக்கும் நடுவில்
கொடியில் தொங்கவிட்டேன்.
கீழே கிளாக்கர்,
கழுத்தை நிமிர்த்தி, சொட்டுச் சொட்டாய் எண்ணியபடி.

நெற்றி நிறைய விபூதியோடு
தேவாரம் முணுமுணுத்துப் போன இராசமலரக்கா
வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு நின்றா.
"என்ன தம்பி,
கொடியேறின நேரத்திலை
மீன் காயப்போட்டிருக்கிறியள்?"

"ஓமக்கா" என்றேன்.
"அதுவும் கொடியேறீற்றுது."