எதையும் அளக்காத மானி

எங்கள் ஊரில் ஜூன் மாதம் எலும்பைத் தின்னும் குளிர்.
அந்தக் குளிரிலும் எங்காவது ஒரு குளிர்பெட்டி
மூச்சை நிறுத்திவிடும்.
அதுதான் என் பிழைப்பு.

இன்வர்கார்கிலிலிருந்து ஓமரூவுக்குக் குடிவந்து
மூன்றாவது வாரம்.
துறைமுகத் தெருவில், வெள்ளைக்கல் கிடங்கு ஒன்றின்
பின்கதவைத் தட்டினேன்.
திறந்தவள் தலையில்
கோப்பை அளவுக்கு ஒரு தொப்பி,
நெற்றியில் வெல்டிங் கண்ணாடி,
மார்பின் குறுக்கே தோல்வார்,
வாரில் ஒரு பல்சக்கரம்.
அது எதையும் சுழற்றவில்லை,
அதை எதுவும் சுழற்றவில்லை.
"ஐஸ்கிரீம் உருகுகிறது, கேப்டன்" என்றாள்.

நான் கேப்டன் இல்லை. ஃபெர்கஸ்.
கையில் இருந்தது ஸ்பானர் பெட்டி.

உள்ளே ஐம்பது பேர் இருக்கும்.
போன வாரம் என் கடன் மனுவைத் திருப்பித் தந்த
வங்கிக்காரர் லாக்லனுக்குப்
பித்தளையில் சிறகு முளைத்திருந்தது.
பள்ளிப் பேருந்து ஓட்டும் வினிஃப்ரெட்
முதுகில் இரண்டு புகைபோக்கியோடு
கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.
நாடகமா என்றேன்.
ஸ்டீம்பங்க் என்றார்கள்.
அப்படியென்றால்?
நீராவி தோற்காமல் இருந்திருந்தால்,
பெட்ரோல் என்ற சொல்லே பிறக்காமல் இருந்திருந்தால்...
என்று இழுத்தார் லாக்லன்.
வராமல் போன ஒரு எதிர்காலத்தின்
பழைய துணிமணி, என்று புரிந்துகொண்டேன்.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு
குளிர்பெட்டியின் அடியில் படுத்தேன்.

அழுத்தம் பார்க்க என் மானியை மாட்டியதும்
சுற்றி எட்டுப் பூட்ஸ்கள்.
"இது நிஜமாகவே வேலை செய்கிறதா?"
கோயிலில் போல மெல்லக் கேட்டார் ஒருவர்.
அவர் மணிக்கட்டிலும் ஒரு மானி.
முள் நாற்பதில் நின்றிருந்தது.
எதை அளக்கிறது? என்றேன்.
அவர் யோசித்தார்.
"இன்னும் முடிவு செய்யவில்லை."

இருபத்தாறு வருஷமாக மானி பார்க்கிறேன்.
முள் காட்டும், நான் எழுதுவேன்.
முடிவு செய்ய ஒரு மனிதன் இருக்கிறான் என்பதே
அன்றுதான் தெரியும்.

கதவு திறந்தவள் பெயர் ராஹெரா.
இடுப்பில் கனத்த இரும்புச் சங்கிலி,
கண்ணிக்குக் கண்ணி தேக்கரண்டி தொங்கியது,
நடந்தால் சமையலறை நடந்து வருகிற சத்தம்.
"நில அளவைச் சங்கிலி, ஏலத்தில் எடுத்தது.
எங்கள் நிலத்தை அளந்தது இது இல்லை,
இதன் அண்ணனாக இருக்கும்."
அந்தக் காலத்து உடுப்பை நீ எப்படி,
என்று தொடங்கி விழுங்கினேன்.
அவளுக்குக் கேட்டுவிட்டது.
"இவர்கள் கதையில் ராணி இருக்கிறாள்.
என் கதையில் ஆகாயக்கப்பல் எங்களுடையது, ஃபெர்கஸ்.
அளக்க வந்தவர்களை மேலிருந்தே பார்த்துவிட்டோம்.
இறங்கி, தேநீர் கொடுத்து,
அடுத்த காற்றிலேயே அனுப்பிவைத்தோம்.
சங்கிலி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது."
சொல்லிவிட்டு ஒரு கரண்டியைக் கழற்றி
என் தேநீரைக் கலக்கினாள்.
சர்க்கரை அதிகம்.

அன்றிரவு வேனில் கிடந்த
செம்புக் குழாய்த் துண்டுகளை மேசையில் கொட்டினேன்.
மனைவி பிரிந்துபோன பிறகு
அந்த மேசையில் பில் தவிர எதுவும் விரித்ததில்லை.
வளைத்தேன். பற்றவைத்தேன்.
செத்த கம்ப்ரசரிலிருந்து ஒரு மானியைப் பிடுங்கி
கையுறையில் தைத்தேன்.
ஊசி மூன்று தடவை குத்தியது.
முள் தானாகவே
நாற்பதில் போய் நின்றது.

சனிக்கிழமை தேநீர்க்கெண்டிப் பந்தயம்.
ரிமோட் காரில் கெண்டியைக் கட்டி ஓட்டுகிற
கிறுக்குத்தனம்; விளக்கினால் கெட்டுவிடும்.
என் கெண்டி இரண்டாம் வளைவில் கவிழ்ந்து
மூக்கை இழந்தது. கைதட்டல்.
"அது எதை அளக்கிறது?" என்று
என் கையுறையைக் காட்டிக் கேட்டார் லாக்லன்.
உங்கள் வட்டியை, என்றேன்.
வினிஃப்ரெட் கேட்டபோது, மழைக்கு எத்தனை நிமிடம் என்று.
ராஹெரா கேட்கவில்லை.
முள்ளை ஒரு கணம் பார்த்து, "சரிதான்" என்றாள்.

திங்கள் காலை. பால் பண்ணையின் குளிர் அறை.
கையுறையைக் கழற்ற மறந்திருக்கிறேன்.
அவசரத்தில் அதைப் பார்த்தே
அழுத்தம் நாற்பது, குறையில்லை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
பாதி வழியில்தான் உறைத்தது.
வேனைத் திருப்பினேன்,
தனியாக, சத்தமாகச் சிரித்துக்கொண்டு.
இரண்டாம் வருகைக்குக் கட்டணம் போடவில்லை.