ஊருணிக்குக் காய்ச்சல்

மார்கழி பிறந்த நாலாம் நாள்
குத்தகைக்காரர் அடைக்கலம் போன் செய்தார்:
"டாக்டரம்மா, மீனெல்லாம் படிக்கு வந்து நிக்குது,
கொக்குக்குப் பந்தி போட்ட மாதிரி."

அப்போது என் கை
உமையாளின் நெற்றியில் இருந்தது.
நூற்று ஒன்று.
முந்தின நாள் போட்ட தடுப்பூசி,
தொடையில் நெல்லிக்காய் அளவு வீக்கம்.
பிள்ளையைக் கதிரேசனிடம் விட்டுவிட்டு
காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்கு
ஸ்கூட்டரில் போனேன், பனி முகத்தில் குத்த.

ஊருணியின் மேற்குப் படி, செம்புறாங்கல்.
கிழக்கே ஏறும் வெயில் முதலில் தொடும் இடம்.
முழங்கால் ஆழத்தில் கட்லாக்கள்,
விலாவில் சிவந்த புண்ணோடு
அசையாமல், இடித்துக்கொள்ளாமல்,
ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் வாங்கியவர்கள் போல.

அடைக்கலத்தின் மகன் வைரவன்
மூங்கில் கழியால் தண்ணீரை அறைகிறான்.
விரட்டினால் போகும்.
அவன் டீ குடித்து வருவதற்குள் திரும்பியிருக்கும்.
"வெயில்தான் ஆகலையோ? பந்தல் போடவா?"
என்கிறார் அடைக்கலம்.

தெர்மாமீட்டரைக் கயிற்றில் இறக்கினேன்.
நடு ஆழத்தில் இருபத்திரண்டு.
படியில் இருபத்தேழு.

ஒன்றை ஈரக் கையால் எடுத்தேன்.
உலர்ந்த கை கூடாது.
சாம்பல் போட்டு நாம் தேய்த்துக் கழுவும் அந்த வழவழப்புதான்
அதன் முதல் மதில்.
அது கிழிந்த இடத்தில்தான் புண்.

மஜ்ஜையில் ரத்தம் ஊறாது இதற்கு.
கழுத்தில் நெறி கட்டாது, நெறியே இல்லை.
தலைக்குப் பின்னால் ஒதுங்கிய ஒரு துண்டுச் சிறுநீரகம்:
அதுவே பாசறை,
வந்துபோன பகைவனின் முகத்தைக்
குறித்து வைக்கும் பேரேடும் அதுவே.
குளிரில் மட்டும் எழுதும் கை விறைத்துவிடும்.
பதில் எழுத வாரக்கணக்காகும்.
புண் அதுவரை பொறுக்காது.

உமையாள் தன் சூட்டைத் தானே மூட்டிக்கொள்வாள்.
மூளைக்குள் யாரோ ஒரு திருகைத் திருப்ப
நடுங்கி நடுங்கித்
தசையையே விறகாக்குவாள்.
மீனிடம் ஏது விறகு?
நீர் எவ்வளவோ, உடம்பும் அவ்வளவே.
அதனால் அது காய்ச்சலைத் தேடி நீந்துகிறது.
காலையில் மேற்குப் படிக்கு,
பிற்பகலில் கிழக்குப் படிக்கு,
கொக்கு நிற்பது தெரிந்தே.

சுண்ணாம்பு எழுதிக் கொடுத்தேன்.
பந்தல் வேண்டாம் என்றேன்.
"மீனை விரட்டாதே தம்பி, கொக்கை விரட்டு."
வைரவன் சிரித்தான்.
அதே கழிதான்,
இரண்டடி மேலே வீச வேண்டும், அவ்வளவுதான்.

கதிரேசன் அழைத்தான்:
"நூற்று ஒன்றரை. மருந்து கொடுத்துடவா?"
மீனுக்குச் சொன்ன நியாயத்தைச்
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அழுகை கேட்டது.
"கொடுத்துடு," என்றேன்.

ரவிக்கை நனைந்திருந்தது.
ஊருணித் தண்ணீர் என்று நினைத்தேன்.
பால்.
என் பழைய சளியும் அம்மையும்
என்னிடம் தோற்ற கதைகள் எல்லாம்
அதில் கரைந்து வழிந்துகொண்டிருந்தன,
குடிக்க ஆளில்லாமல்.
கட்லாத் தாய்க்கு மார்பில்லை.
தனக்குத் தெரிந்ததில் ஒரு துளியை
மஞ்சள் கருவில் வைத்துவிட்டு
முகம் பாராமல் போய்விடுகிறாள்.

எட்டாம் நாள் அடைக்கலம் கணக்குச் சொன்னார்:
செத்து மிதந்தது நாற்பத்து மூன்று.
கொக்கு தின்றது கணக்கில் இல்லை.
"மத்ததெல்லாம் நடுத்தண்ணிக்குப் போயிருச்சு அம்மா.
படி சும்மா கிடக்கு.
வைரவன்தான் இன்னும்
கழியோடு உட்கார்ந்திருக்கான்."